குகையில் ஒரு கிண்ணம் சோறு

போக்-சிலின் அம்மாவுக்கு,

நீயும் பிள்ளையும் சௌக்கியந்தானே? என் இருமல் நின்றுவிட்டது. பள்ளத்தாக்கு முழுக்க மேப்பிள் மரங்கள் சிவந்து நிற்கின்றன.

சுற்றுலா வருகிறவர்களுக்காக நாங்கள் இரும்புப் படி போடப்போகும் சுண்ணாம்புக் குகையை நேற்றுப் போய்ப் பார்த்தோம். ஆதிமனிதர்களின் எலும்பு கிடைத்த இடம். வெளியே மழை பிடித்துக்கொண்டதால் உள்ளேயே சாப்பிட உட்கார்ந்தோம். திடீரென்று பட்டப்பகலில் வௌவால்கள் மொத்தமாக வெளியே பறந்தன. என்னவென்று பார்க்க எழுந்த அவசரத்தில் கரண்டியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்திவிட்டுப் போய்விட்டேன்.

திரும்பி வந்தால் எல்லோரும் மெல்லுவதை நிறுத்திவிட்டு என் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“என்னய்யா, செத்தவனுக்கு வைக்கிற மாதிரி குத்திட்டுப் போயிட்டே? யாருக்குப் படையல்?” என்றான் கூட்டாளி தோக்-பே.

“இங்க உள்ளவங்க சாப்பிட்டு எத்தனை காலமாச்சோ, தின்னுட்டுப் போகட்டும் விடு!” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அந்தக் கிண்ணத்தை யாரும் தொடவில்லை, நானுந்தான். கிளம்பும்போது பார்த்தேன். கூரையிலிருந்து உதிர்ந்த வெள்ளைப் பொடி சோற்றின் மேல் படிந்திருந்தது.

படியைத் தாங்கும் கம்பிக்காக நாளை குகையின் உள்ளறைக் கூரையில் முதல் துளை போடுவது என் முறை. பயப்பட ஒன்றுமில்லை, ஹெல்மெட் கொடுத்திருக்கிறார்கள்.

தடித்த காலுறையும் கொஞ்சம் மிளகாய் விழுதும் அனுப்பு. நான் வரும்வரை தினமும் எனக்கென்று சோறு எடுத்து வைக்கிறாயாமே, போக்-சில் எழுதியிருந்தாள். அதை நிறுத்திவிடாதே. அடியில் அடுப்புச் சூடு ஓடும் தரையோரமாக, ஆறாமல் மூடியே வை.

கடிதம் கொண்டுபோகும் லாரி வந்துவிட்டது. கரண்டியை மட்டும் கிண்ணத்துக்குப் பக்கத்தில் படுக்க வை.

போக்-சிலின் அப்பா