ஏலக்காயில் சேர்த்த கன்னியாகுமரி

செப். 6, சனி

காலையிலிருந்தே சாரல். மலை தெரியவில்லை. துவைத்த துணி மூன்று நாளாகக் கொடியில்.

ஏலக்காய்க் கடையில் சல்லடை போட்டு எட்டு எம்.எம். காய் பிரிப்பு. ராசிங்காபுரத்திலிருந்து புதுப்பெண் ஒருத்தி, முகத்தில் பவுடர், தலை நிறைய மல்லிகை. முதலாளி வாசலிலேயே மோப்பம் பிடித்துவிட்டார். முகத்தைக் கழுவிவிட்டு, பூவை வெளியே ஆணியில் மாட்டிவிட்டு வரச் சொன்னேன். ஏலக்காய் பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசத்தைக் குடித்துவிடும். இதுகூடத் தெரியாமல் வேலைக்கு வந்துவிடுகிறார்கள்.

மாதச் சம்பள நாள். வழக்கம்போல அதில் கொஞ்சத்துக்குக் காயாகவே வாங்கிக்கொண்டேன். அடுத்த வீட்டு ரோஸ்லினுக்கும் அவள் பணத்தில் வாங்கினேன். ரூபாயாக வைத்தால் கேஸ் கேட்கும், பள்ளிக்கூடம் கேட்கும், மச்சினன் கேட்பான். காயாக இருந்தால் யாரும் கேட்பதில்லை, விலையும் ஏறும். தை மாதம் தொடங்கிய சேமிப்பு. இரண்டு வீடும் சேர்ந்து கன்னியாகுமரி போக. எங்கள் வீட்டில் யாரும் இன்னும் கடல் பார்த்ததில்லை.

மகள் திவ்யா ப்ளஸ் டூ. அடுத்த வருஷம் இந்நேரம் எந்த ஊர் ஹாஸ்டலில் இருப்பாளோ. போனால் இந்தக் காலாண்டு லீவில்தான்.

செப். 7, ஞாயிறு

இவர் நேற்று சாயந்திரம் ஜீப்பில் இறங்கினார். போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட்டில், காய் உலர்த்துகிற ஸ்டோரில் வேலை. பறித்த பச்சைக்காயை அன்றைக்கே உலையில் போட்டாக வேண்டும். சூடு கூடினாலும் குறைந்தாலும் பச்சை நிறம் போய்விடும். அதனால் போனில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை அலாரம். வீட்டுக்கு வந்தாலும் அதை அணைப்பதில்லை, மறந்துவிட்டால் அங்கே போய்த் தூங்கிவிடுவாராம். அடிக்கும்போதெல்லாம் எழுந்து நின்று, சுவரைப் பார்த்துவிட்டு, மறுபடி படுக்கிறார். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். ஒரு ராத்திரி முழுசாகத் தூங்கி நான் பார்த்ததில்லை.

பணத்தைச் சேர்த்துவிடலாம். இவருக்கு நாள் சேர்ப்பதுதான் பெரும்பாடு. பக்கத்து எஸ்டேட் ஸ்டோர்க்காரர் பிஜுவைக் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். முகத்தில் நம்பிக்கை இல்லை.

வாங்க: மைதா, சோப்பு, திவ்யாவுக்கு செருப்பு (அறுந்தேவிட்டது).

செப். 14, ஞாயிறு

வெயில்! துணி காய்ந்தது.

பிஜு சரி சொல்லிவிட்டார். ஆயுத பூஜை தொடங்கி மூன்று நாள் இவருடைய உலையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வார். பதிலுக்குக் கிறிஸ்துமஸ் சமயம் இவர் அவருடையதைப் பார்க்க வேண்டும். "'சேட்டன் போயிட்டு வா, கடல் கண்டுட்டு வா'ன்னுட்டாரு" என்று அதையே நாலு தடவை சொன்னார். இவர் இவ்வளவு பேசி ரொம்ப நாளாகிறது.

ரோஸ்லினிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் வீட்டுக்காரர் சேவியர் மளிகைக் கடைக்கு லீவு விட ஒத்துக்கொண்டுவிட்டார். அவருக்கு அதுவே பெரிய தியாகம். ஏற்கெனவே மூஞ்சி தொங்கிப் போயிருக்கிறது.

எடுத்துப் போக: புளிசாதம், எண்ணெய் சீசா, போர்வை 3, தலைவலித் தைலம், திவ்யாவின் நீலச் சுடிதார்.

செப். 20, சனி

எழுதவே கை வரவில்லை.

இன்று காயை விற்கலாம் என்று அடுப்படிப் பரணில் பார்த்தால் பை இல்லை. வீடு முழுக்கத் தேடினேன். கடைசியில் பீரோவில், என் கல்யாணப் பட்டுக்கு அடியில். பக்கத்திலேயே பாச்சை உருண்டை. ஒன்றல்ல, ஒரு கைப்பிடி. நான் போட்டதுதான்.

பையைப் பிரிக்க வேண்டியதே இல்லை. பீரோவைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. ஒரு காயை உடைத்து மோந்தேன். பாச்சை உருண்டைதான், ஏலம் எங்கோ தூரத்தில்.

இவர் சாயந்திரம் வந்ததும் கேட்டேன். இரண்டு வாரத்துக்கு முன்னால் வந்தபோது, சாரலில் மாற்றி வைத்தாராம். "அடுப்படியில ஈரம் ஏறிருமேன்னு வச்சேன். நம்ம வீட்லயே காஞ்ச எடம் பீரோதானத்தா." ஈரம், ஈரம், ஈரம். உலை பார்க்கிற மனுஷனுக்கு உலகத்தில் வேறு எதிரியே கிடையாது. வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்து இன்னும் கோபம் வந்தது. பிறகு அழுகை.

செப். 22, திங்கள்

மாடி அறையில் நிழலில் காற்றாட விரித்திருந்தேன். இரண்டு நாளாகியும் நாற்றம் அப்படியே.

மதியம் பஜாரில் ஒரு தரகரிடம் கொஞ்சம் காட்டினேன். பாதி விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார். "வடக்க போற மூட்டையில கலந்துட்டா யாருக்குத் தெரியப்போகுது." பாதி விலைக்கே பஸ்சு, ரூம் எல்லாம் தேறிவிடும். கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். பொய் எழுத மாட்டேன், ஆசையாகத்தான் இருந்தது. எவள் வீட்டுப் பாயசத்திலோ, எந்தப் பிள்ளை வாயிலோ பாச்சை உருண்டை. பையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ரோஸ்லினிடம் நாங்கள் வரவில்லை, நீங்கள் போய்வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். பக்கத்திலிருந்த திவ்யா காதிலும் விழுந்தது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனாள். கத்தியிருந்தால் தேவலை.

செப். 23, செவ்வாய்

காலையில் தண்ணீர் பிடிக்கும்போதே ரோஸ்லின் வந்துவிட்டாள். அவள் பங்குக் காய் அவள் வீட்டு டப்பாவில் பத்திரமாக இருக்கிறது. அதை விற்று இரண்டு வீடும் போகலாம் என்றாள். இரண்டு ரூமுக்குப் பதில் ஒரு பெரிய ஹால், ஓட்டல் சாப்பாடு கிடையாது. ஓசியில் கடல் பார்க்க மாட்டேன் என்றேன். எனக்கு இந்த வீம்பு எங்கம்மாவிடமிருந்து வந்தது. குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"காய மறுபடி சேத்துக்கிறலாம்க்கா. அண்ணனுக்குக் கெடச்ச மூணு நாள எங்க போயிச் சேப்பீக?"

கடைசியில் ஓர் ஒப்பந்தம். தீபாவளிக்கு சேவியர் கடையில் விற்கிற முறுக்கு, அதிரசம் எல்லாம் நான் சுட்டுத் தர வேண்டும், கூலி கிடையாது. என் முறுக்குக்கு அவர் கடையில் எப்போதும் கிராக்கி. சேவியர் முகம் இப்போதுதான் கொஞ்சம் தெளிந்தது.

கெட்டுப்போன காயைத் திரும்ப பீரோவிலேயே போட்டேன். இனி பாச்சை உருண்டை வாங்க வேண்டாம்.

அக். 1, புதன்

கடையில் பூஜை. சல்லடைகளுக்குச் சந்தனம், குங்குமம். அதற்காக நேற்றே மூட்டைகளை எல்லாம் பின்கட்டுக்கு மாற்றிவிட்டார் முதலாளி. வருஷத்தில் இன்று ஒருநாள்தான் நாங்கள் பூ வைத்துக்கொண்டு உள்ளே போவது. புதுப்பெண் இரண்டு முழம் வைத்திருந்தாள்.

புளிசாதம் கட்டியாகிவிட்டது. மதியம் வரை இவரைக் காணோம். போனும் எடுக்கவில்லை. லோடு வந்துவிட்டது, ஸ்டோரிலேயே நிறுத்திக்கொண்டார்கள் என்று முடிவே செய்துவிட்டேன். மூன்று மணிக்கு ஜீப்பு வந்தது. மேலெல்லாம் புகை வாடை. குளிக்கக்கூட நேரமில்லை. மதுரை வரை ரயில், அப்புறம் பஸ்சு. ரயிலில் எழுதுகிறேன், எழுத்து ஆடுகிறது. திவ்யா ஜன்னலோரம். வாய் ஓயவில்லை.

அக். 2, வியாழன்

கடல். என்ன எழுத. பெரிசு.

திவ்யாவும் ரோஸ்லின் பிள்ளைகளும் தண்ணீரை விட்டு வர மாட்டேன் என்றார்கள். இவர் காலை நனைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். பிறகு, "இந்தக் காத்துல காய் காயாது" என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்த சிரிப்பில் பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எதற்குச் சிரித்தோம் என்று இவருக்குப் புரியவேயில்லை.

நாளை காலை சூரிய உதயம். அதற்காகத்தானே இவ்வளவு தூரம். ஐந்து மணிக்கே எழுந்துவிட வேண்டும் என்று சேவியர் உத்தரவு. படுக்கும்போது இவருடைய போனை எடுத்து எல்லா அலாரத்தையும் அணைத்துவிட்டேன். இவருக்குத் தெரியாது.

அக். 3, வெள்ளி

எல்லோரும் சூரியனைப் பார்க்கப் போய்விட்டார்கள். திவ்யா இவரை எழுப்பப் போனாள். நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். நீயாவது வாம்மா என்றாள். போகவில்லை.

ஹாலில் நாங்கள் இரண்டு பேர்தான். ஜன்னல் வழியாக அலைச் சத்தம். இவர் வாயைத் திறந்துகொண்டு, போர்வை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். ராத்திரி பூராவும் ஒருமுறைகூட எழுந்திருக்கவில்லை. நான்தான் பழக்கத்தில் விழித்து விழித்துப் பார்த்தேன்.

வெயில் உள்ளே வந்த பிறகு ஒருமுறை கண்ணைத் திறந்து, "உலை?" என்றார்.

"பிஜு பாத்துக்கிருவாரு. தூங்குங்க."

தூங்குகிறார்.