ரெண்டேகால் யாருக்கு?

பிளின்ட், மிச்சிகன்
1972 செப்டம்பர் 3, ஞாயிறு சாயங்காலம்

அன்பு மகள் வெர்லீனுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் புண்ணியத்தில் அப்பாவும் நானும் நல்ல சுகம், ராணுவ ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி பார்க்கிற நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி சுகமாக இருக்கிறாய் என்று நம்பி, நம்புகிறேனே தவிர நம்பிக்கை வரவில்லை, இந்தக் கடிதத்தை ஆரம்பிக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பயந்துவிடாதே, சந்தோஷத்தில் எழுதுகிற அவசரம்தான். நீ கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிற ஆள், இந்தத் தடவை அப்படிச் செய்யாதே, வரிசையாகப் படி. நம் வீட்டில் இந்த இரண்டு மாதமாக ஒரே பேச்சு, அப்பா வாங்கிய ரெண்டேகால் கார் நம்மிடம் இருக்குமா, உன் லியோட்டிஸ் மாமா வீட்டுக்குப் போகுமா என்பதுதான். அது இன்று மத்தியானம் ஒரு முடிவுக்கு வந்தது. அதற்கு முன்னால் நீ தெரிந்துகொள்ள வேண்டிய வருத்தமான விஷயமும் ஒன்று உண்டு, அப்பா எழுதக் கூடாது என்று தடுத்து வைத்திருந்தார், இன்றுதான் அவரே எழுதிவிடு என்றார்.

மே மாதம் கார் வாங்கியதை எழுதியிருந்தேன். பச்சை நிறத்தில் வெள்ளைக் கூரை போட்ட ப்யூக் எலெக்ட்ரா இருநூற்று இருபத்தைந்து, நம் ஜனங்கள் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லையே, ரெண்டேகால் நூறு என்ற கணக்கில் இங்கே எல்லோருக்கும் அது ரெண்டேகால்தான். அப்பாவுக்கு அதன் நீள அகலத்தை விட அதன் கதவுதான் பெரிசு. வந்த அன்றைக்கு அந்தக் கதவைத் திறந்து மூடி, திறந்து மூடி, "கேளு ஒடெஸ்ஸா, இந்தச் சத்தத்தக் கேளு, இத்தன வருஷம் ஊரான் காருக்கெல்லாம் கதவு மாட்டினேன், இன்னிக்கு என் காருக்கு" என்று சின்னப் பிள்ளை மாதிரி நின்றார். ஆனால் ஒன்று எழுதவில்லை, மானம் போகும் என்று விட்டுவிட்டேன், இப்போது என்ன மானம். அந்தக் காரின் பெயரில் இருக்கிற எண்ணே அது எத்தனை அங்குல நீளம் என்பதுதான் என்று உனக்கும் தெரியும், பிளின்டில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். பிளாண்டில், அந்தக் கார் தொழிற்சாலையில், அதே காருக்குத் தினம் கதவு மாட்டுகிற மனுஷர் நம் கார் ஷெட்டை அளந்து பார்க்கவில்லை! மூக்கு பின்சுவரில் போய் முட்டி நிற்கிறது, வால் வெளியே தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது, ஷெட் கதவை மூட முடியவில்லை. எதிர்வீட்டு டில்லரி அம்மா தன் வராந்தாவிலிருந்து, "கிளியோஃபஸ், மடிச்சு வைக்க எங்கயாச்சும் பட்டன் இருக்கும், நல்லா தேடிப் பாரு" என்று கத்த, தெருவே சிரித்தது. மறுநாள் உன் அப்பா ஷெட்டின் பின்சுவரைக் காரின் மூக்கு அகலத்துக்கு அறுத்து, வெளிப்பக்கம் நாய்க்கூண்டு மாதிரி ஒரு பெட்டி கட்டி, மேலே தகரம் அடித்தார். இப்போது காரின் மூக்கு என் தக்காளிப் பாத்திக்குள் இருக்கிறது. இரண்டு செடி போயிற்று.

அபிப்பிராயம் சொல்லாத ஆளில்லை. நம் பாஸ்டர், "பரலோகத்துக்குப் போற வாசல் இடுக்கமானதும்மா, இந்தக் கார் அதுல நுழையாது" என்று கேலி செய்தார், செய்துவிட்டு அடுத்த வாரமே பக்கத்து ஊர் சாகினாவில் நடந்த சபைக் கூட்டத்துக்கு அதில்தான் போனார், பின்சீட்டில் காலை நீட்டிக்கொண்டு. டில்லரி அம்மா அது காரே இல்லை, வரவேற்பறைக்குச் சக்கரம் வைத்தது என்கிறாள். எனக்கும் ஆரம்பத்தில் பிடிக்கவில்லை, சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் பங்க்கைப் பார்த்தால் தானாகவே திரும்பிவிடுமோ என்னவோ, அத்தனை தாகம் அதற்கு. உன் மாமா லியோட்டிஸ்தான் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். முடிவெட்டும் கடையை மூடிவிட்டு நேரே இங்கேதான், "மச்சான், ஒரு நாளாச்சும் ஒழுங்கா மிதிச்சிருக்கீங்களா? இது என்னை மாதிரி ஆளு கையில இருக்க வேண்டிய வண்டி" என்பான். அப்பா சிரித்துக்கொண்டே துணியால் துடைப்பார்.

ஜூன் கடைசியில்தான் அது நடந்தது. அப்பா காரைத் திருப்பும்போது டில்லரி அம்மா வீட்டு வேலியை முழுசாகச் சாய்த்துவிட்டு இறங்கி, "இத யாரு இங்க கொண்டாந்து வச்சது?" என்று கேட்டார். எங்கள் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அங்கே இருக்கிற வேலி அது, வெர்லீன். டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். சர்க்கரை கண்ணில் இறங்கியிருக்கிறதாம், போன பார்வை திரும்பாது, இருக்கிறதைக் காப்பாற்றலாம், ஸ்டியரிங்கை மட்டும் இனித் தொடவே கூடாது என்றார். நீ நர்ஸ், உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை, அழாதே, நான் உனக்கும் சேர்த்து அழுதாயிற்று. யூனியன்காரர்கள் பேசி, கண்ணுக்கு அதிக வேலையில்லாத இடத்துக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், சம்பளத்துக்குக் குறைவில்லை, அதைப் பற்றி நீ கவலைப்படாதே. ஆனால் வீட்டில் அவர் படுத்திய பாடு! ஷெட்டுக்குப் போவார், கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்திருப்பார், எஞ்சினைக் கூடப் போட மாட்டார். ஒரு நாள் லியோட்டிஸ் வந்தபோது, "ஓட்ட ஆளில்லாம இத நிறுத்தி வச்சுப் பாக்க என்னால முடியாதுடா, செப்டம்பர்ல வர்ற தொழிலாளர் தினத்துக்கு முந்தின ஞாயித்துக்கிழம வந்து எடுத்துக்க" என்று சொல்லிவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு வந்ததே கோபம். இந்த வீட்டில் கால் இருக்கிற இன்னொரு மனுஷி இருக்கிறாளே, அவளை ஆளாகவே எண்ணவில்லையே!

உடனே கார் ஓட்டிப் பழகுவதற்கான அனுமதியை வாங்கிக்கொண்டு நம் சபை ஜெனோபியாவிடம் போய் நின்றேன், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாளே அவள்தான். காரைப் பார்த்துவிட்டு, "என்னக்கா இதுக்கா இத்தன ஆர்ப்பாட்டம், என் பஸ்ஸோட வாலு தேறாது" என்றாள். காரை நிறுத்தியே வைத்தால் பேட்டரி செத்துவிடும், ஜெனோபியா ஓட்டட்டும், நான் கூடப் போய்க் கடைச் சாமான் வாங்கி வருகிறேன் என்று அப்பாவிடம் சொன்னோம். புது மாடலுக்கு மாற்றுவதற்காகப் பிளாண்டை மூடியிருந்தார்கள், பாதி ஊர் அர்க்கன்ஸாவுக்கும் மிசிசிப்பிக்கும் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போயிருந்தது, பிளாண்டின் வண்டி நிறுத்துமிடம் ஒரு ஈ காக்காய் இல்லாமல் கடல் மாதிரி கிடந்தது. அங்கேதான் பாடம். உட்கார்ந்தால் ஸ்டியரிங் வளையத்துக்குள்ளே புகுந்துதான் ரோடு தெரிகிறது எனக்கு, சர்ச் பாடகர் குழு அறையிலிருந்து மெத்தை ஒன்று கடன் வாங்கி அதன்மேல் ஏறி உட்கார்ந்தேன். காலை லேசாக வைத்ததுதான் தெரியும், ஜெனோபியா "யேசுவே!" என்று அலற, அந்த மைதானத்தில் பாதியைத் தாண்டியிருந்தோம். நானும் அலறினேன், ஆனால் பயத்தில் இல்லை. யாரிடமும் சொல்லிவிடாதே, எனக்கு அந்த வேகம் பிடித்துவிட்டது. முன்னால் அத்தனை நீளத்துக்குப் பச்சைத் தகரம் பளபளக்கிறது, உள்ளே சத்தமே இல்லை, கால்விரலை அசைத்தால் ஊரே பின்னால் ஓடுகிறது. இத்தனை காலம் பஸ்ஸுக்குக் குளிரில் நின்றே வயதைத் தீர்த்தேனே என்று என்மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. கொஞ்சம் பழகியதும் வீட்டுக்குத் திரும்புகிற வழியிலும் நானே ஓட்டி, ஷெட்டிலும் நானே நிறுத்தினேன். இனி யாராவது பெட்ரோலைப் பற்றிப் பேசட்டும், பார்க்கிறேன்.

வெள்ளிக்கிழமை பரீட்சை. பரீட்சை வைத்த போலீஸ்காரர் உன் வயசுப் பையன், சிவப்பு முடி. காரை ஒரு பார்வை, மெத்தைமேல் இருக்கும் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அம்மா, சின்னக் காரா ஒண்ணு எடுத்துட்டு இன்னொரு நாள் வாங்களேன்" என்றான். எங்கள் வீட்டில் சின்னக் கார் கிடையாது தம்பி, ஏறு என்றேன். ரோட்டில் எல்லாம் சரியாகத்தான் போயிற்று. கடைசியில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே பின்னால் எடுத்து நிறுத்தச் சொன்னான், அதில்தான் எல்லோரும் தோற்பார்களாம். அவனுக்கென்ன தெரியும், இரண்டு பக்கமும் நாலு விரல் இடம் விட்டு, மூக்கை நாய்க்கூண்டுக்குள் நுழைத்து, தக்காளிச் செடிக்குச் சேதமில்லாமல் நிறுத்தவும் அப்படியே பின்னால் எடுக்கவும் பழகியவள் நான் என்று! ஒரே தடவையில் நிறுத்தினேன். அவன் இறங்கி, கம்பத்தைப் பார்த்து, காரைப் பார்த்து, "எங்கம்மாவுக்குச் சொல்லிக் குடுப்பீங்களா?" என்று கேட்டான். கூட வந்து காத்திருந்த ஜெனோபியா அங்கேயே தொப்பியைக் கழற்றி மேலே எறிந்துவிட்டாள்.

இன்று ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தால் வாசலில் லியோட்டிஸ் நிற்கிறான், இந்தக் காருக்கென்றே புதுத் தொப்பி வாங்கிப் போட்டுக்கொண்டு. அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று வெள்ளியிலிருந்து தவித்துக்கொண்டிருக்கிறேன், அவர் வாக்குக் கொடுத்தவர், வாக்கு மாறுகிறவரில்லை, நான் முன்னால் போய்ப் பேசினால் தம்பி எதிரே அவரைக் குறைத்த மாதிரி ஆகிவிடுமோ என்று வேறு பயம். "சாவி குடுங்க மச்சான்" என்றான் லியோட்டிஸ். உன் அப்பா நிதானமாகப் படியில் உட்கார்ந்து, "சாவி என்கிட்ட ஏதுடா, டிரைவரம்மாகிட்ட கேளு" என்றார். எந்த டிரைவர் என்று அவன் விழிக்கிறான், நானும் விழிக்கிறேன். "ஓட்ட ஆளில்லன்னா எடுத்துக்கன்னேன். ஆளு உன் முன்னாடி நிக்குது, கைப்பைய தொறந்து காட்டச் சொல்லு" என்றார். நான் லைசென்ஸை எடுத்துக் காட்டினேன். லியோட்டிஸ் அதை வாங்கி, திருப்பி, பெயரைப் பார்த்து, "அக்கா, நீயா!" என்று புதுத் தொப்பியோடு புல்லிலேயே உட்கார்ந்துவிட்டான். பாவம், முகம் சுருங்கித்தான் போயிற்று, ஆனாலும் உன் மாமா நல்லவன், கொஞ்ச நேரத்தில் எழுந்து, "சரி, வீட்டுலயாச்சும் கொண்டுபோய் விடு, பின்சீட்ல உக்காந்தாவது போறேன்" என்றான்.

உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அப்பாவைக் கேட்டேன். ஆரம்பத்திலேயே தெரியுமாம். "ஜெனோபியா திருப்பத்துல பிரேக்க ஒரே மிதியா மிதிப்பா, பஸ் புத்தி. நீ தொட்டுத் தொட்டு மிதிப்ப. கண்ணுதான் போச்சு, காது போகல. வெள்ளிக்கிழமலேருந்து நீ கைப்பைய கீழயே வைக்கல, லைசென்ஸும் வந்தாச்சுன்னு புரிஞ்சுது. கேட்டா நீ வெக்கப்பட்டு விட்டுருவியோன்னு சும்மா இருந்தேன். தினம் அந்தச் சத்தம் மூலை திரும்பறதுக்காகவே உக்காந்திருந்தேன்" என்றார். எனக்கு அவரை அடிக்கலாம் போலவும் கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

லியோட்டிஸை விட்ட பிறகு வீட்டுக்குத் திருப்ப வேண்டாம், நம் ஊர் சாகினா தெருவில் செங்கல் பாவிய ரோட்டில் போ என்றார். போனேன். அதைத் தாண்டி நம் பக்கத்துத் தெருக்களுக்குள் வந்ததும், "வராந்தாவுல யாரு யாரு இருக்காங்க, சொல்லிட்டே வா" என்றார். இடது பக்கம் மெக்கானிக் வீட்டுக்காரி, வலது பக்கம் பாஸ்டர் மாமியார் என்று நான் சொல்லச் சொல்ல, அவர் சரியாக அந்தப் பக்கம் திரும்பித் தொப்பியைத் தூக்கிக் கும்பிடு போட்டார், ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை, எல்லோரும் கையை ஆட்டினார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஆனால் இத்தனை பெரிய காரை வைத்துக்கொண்டு அழ முடியுமா? அவர் என் தோளைத் தட்டி, "இன்னும் கொஞ்சம் மிதி ஒடெஸ்ஸா, எஞ்சின் தூங்குது" என்றார். மிதித்தேன். அவர் வாய்விட்டுச் சிரித்து எத்தனை நாளாயிற்று தெரியுமா உனக்கு?

நீ கிறிஸ்துமஸுக்கு வரும்போது டெட்ராய்ட் விமான நிலையத்துக்கு நான்தான் வருவேன், பெரிய ரோட்டில் ஓட்டிப் பழக அதற்குள் நாள் இருக்கிறது, டிக்கியில் ஒரு குடும்பத்தையே ஏற்றலாம், பெட்டி எத்தனை ஆனாலும் யோசிக்காமல் கொண்டு வா. கீரையை வேகவைத்து ஐஸ்பெட்டியில் உறைய வைத்திருக்கிறேன், உனக்கென்று சர்க்கரைவள்ளிக்கிழங்கும் எடுத்து வைப்பேன். அங்கே யாரையாவது உனக்குப் பிடித்திருந்தால் எங்களுக்கு மறைக்காதே, அவனுக்குக் கார் ஓட்டத் தெரியுமா என்று மட்டும் கேட்டு வை. நாங்கள் இங்கே தினமும் உன் பெயரைச் சொல்லித்தான் முழங்கால் போடுகிறோம், ஆண்டவர் உன் வரத்திலும் உன் போக்கிலும் கூட இருப்பார், உன் கை தொடுகிற நோயாளிகள் எல்லாம் எழுந்து நடப்பார்கள்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. அடுத்த கடிதத்தை நீ வழக்கமாக எழுதுகிற நீல மையில் பொடி எழுத்தாக எழுதாதே. கறுப்பு மையில், எழுத்தைப் பெரிசு பெரிசாக, ஒரு பக்கத்துக்கு நாலைந்து வரி போதும், எத்தனை பக்கம் ஆனாலும் பரவாயில்லை, தபால் செலவை நான் தருகிறேன். இப்போதெல்லாம் நான்தான் உன் கடிதத்தை அப்பாவுக்கு வாசிக்கிறேன். வாசித்து முடித்ததும் கையை நீட்டுவார், வாங்கிக்கொண்டு ஷெட்டுக்குப் போய்க் காரில் உட்கார்ந்து, முகத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டு பார்ப்பார். ஒரு எழுத்தும் தெரிவதில்லை. உன்னிடம் இதைக் கேட்கவும் மாட்டார்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
உன் அம்மா,
ஒடெஸ்ஸா