வாசலில் தொங்கிய இசிரிக்

தாஷ்கண்ட்,
14.6.2024, வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் மவ்ஜுதாவுக்கு,

இங்கே நானும் உன் சித்தி ராபியாவும் நலம். கொரியாவில், இன்சோனில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமென்று அடுத்த கடிதத்தில் முதல் வரியாக எழுது. மே 2 தேதியிட்ட உன் கடிதம் மே 19 அன்றுதான் வந்தது. சொரியாசிஸ் உள்ளங்கைக்கும் பரவிவிட்டது, கையுறை போட்டுக்கொண்டுதான் குழந்தையைத் தூக்குகிறேன் என்று எழுதியிருந்தாய். அந்த வரிக்குமேல் அன்று என்னால் படிக்க இயலவில்லை. அம்மா இருந்தபோது, இதே நோய் கண்ட தன் கைகளுக்காக இசிரிக் செடியைக் கொழுப்பில் காய்ச்சிய களிம்பைக் கேட்டிருந்தாய். சோதிக்காத எதையும் உன் தோலில் படவிட எனக்கு மனமில்லை. ஆகவே ஆய்வுக்கூடத்தில் பணிபுரியும் நம் தெருப் பெண் குல்செஹ்ராவிடம் மூன்று மாதிரிகள் கொடுத்தேன்: சந்தையில் வாங்கியது, மலையில் பறித்தது, திருஷ்டிக்காக அம்மா கடைசியாக வாசலில் கட்டிய கொத்து. அதை அவிழ்த்த நாள் முதல் வீட்டில் யாரோ நடமாடி ஓய்ந்ததுபோல் இருக்கிறது. விதைகள் உதிரும் சத்தமோ இன்னும் கேட்கிறது. சோதனைத் தட்டில் வளர்த்த தோலணுக்களைச் சந்தைச் செடி அடியோடு கொன்றது, மலைச்செடி ஒன்றுமே செய்யவில்லை, அம்மாவின் கொத்து மட்டும் தறிகெட்டுப் பெருகிய அணுக்களை நிதானப்படுத்தியது. மறுபடி செய்தபோதும் அப்படியே. எங்கே பறித்ததென்று குல்செஹ்ரா கேட்டாள், எனக்குத் தெரியவில்லை.

ராபியாவைக் கேட்டேன். "ரயில்வே வேலையில மணி பாத்தே காலத்த ஓட்டிட்டீங்க அத்தான். ஜூன் மாசம் ஜூன் மாசம் உங்ககிட்ட சொல்லிட்டு வந்த மாதிரி அக்கா என் வீட்டுக்கா வந்தா? கபரஸ்தானுக்குப் போனா. புள்ள மேல மொளச்சது, அம்மாவுக்குத் தர மாட்டானான்னு கேப்பா" என்றாள். மவ்ஜுதா, உனக்கு முன் ஒரு அண்ணன் பிறந்தான். 1986 மார்ச் 3 பிறந்து, மார்ச் 21, நவ்ரூஸ் புத்தாண்டு அன்று போய்விட்டான். நம் வீட்டில் மட்டும் ஏன் நவ்ரூஸுக்குச் சுமலாக் களி கிண்டுவதில்லை என்று சிறுவயதில் அழுவாயே, அதுதான் காரணம். கபர் மண்ணில் முளைத்ததில் நம்மவர் யாரும் கைவைப்பதில்லை, உன் அம்மா வைத்திருக்கிறாள்.

ஜூன் 8, சனிக்கிழமை காலை போனேன். அவனைப் புதைத்த சிறிய மேட்டில் வேர்விட்ட செடி, பக்கத்தில் உன் அம்மாவின் மேட்டின்மேல் கிளை பரப்பியிருக்கிறது. காவல்காரர், "இங்க மொளச்சது இங்க இருக்கறவங்களோடது, பெரியவரே. கேட்டுட்டு எடுங்க, இல்லன்னா விட்டுட்டுப் போங்க" என்றார். கேட்டேன். பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்றுதான் தெரியவில்லை. பிறகு அவன் பக்கத்தில் மட்டும் அறுத்தேன். அவள்மேல் படர்ந்ததைத் தொடவில்லை. என் கையில் அன்றிலிருந்து அவள் கையின் வாசனை, சோப்புக்கும் போகவில்லை.

களிம்பைக் குல்செஹ்ராவே அளந்து காய்ச்சி டப்பாவில் அடைத்துக் கொடுத்தாள், இத்துடன் அனுப்புகிறேன். "தட்டுல இருக்கற அணு வேற, மவ்ஜுதா அக்காவோட கை வேற, ஐயா" என்று எச்சரித்தாள். எனவே அங்குள்ள மருத்துவரிடம் காட்டாமல் தடவாதே. அவர் சம்மதித்தால் முதலில் முழங்கையில் ஓரிடத்தில் மட்டும். குழந்தைக்கு எட்டாமல் வை.

இறைவன் உன் கைகளைக் குளிரச் செய்யட்டும், அவற்றில் உன் பிள்ளை தோலோடு தோலாக உறங்கட்டும். ஒன்றை மறவாதே: டப்பாவைத் திறக்குமுன் உன் அண்ணனிடம் நீயும் ஒருமுறை கேள். பெயர் சிரோஜிதீன். முப்பத்தெட்டு வருடமாக இவ்வீட்டில் யாரும் சொல்லாத பெயர்.

உன் தந்தை,
ஹிக்மத்துல்லா