கடைசி வெள்ளி மந்திரிப்பு

புஜைரா,
5 அக்டோபர் 2025

மருமகன் விஜின் சாமியாருக்கு மாமா ஞானசிங் தோத்திரம் சொல்லி எழுதுவது.

இங்கு நான் சுகம். சாதாரண சுகம் இல்லை. எட்டாம் கிளாஸ் படித்த என்னைக் கேட்காமல் இந்த எண்ணெய் டேங்க் யார்டில் எந்த எஞ்சினியரும் வால்வைத் தொடுவதில்லை. போன வாரம் ஒரு கிரேக்கக் கப்பல் கேப்டன் "மிஸ்டர் சிங்" என்று என்னைக் கட்டிப்பிடித்து அழுதே விட்டான். பஞ்சாபி என்று நினைத்திருப்பான், அது போகட்டும். ஊரில் மூன்று மாடி வீடு எழும்புகிறது. இப்போதைக்கு ஒரு மாடி. டிசம்பரில் நீதான் வந்து ஜெபம் சொல்லித் தண்ணீர் தெளித்து மந்திரித்துத் தர வேண்டும்.

நீ போன் எடுப்பதில்லை என்று உன் அம்மாவுக்குக் குறை. எனக்கும்தான். ஆனால் இது போனில் பேசுகிற காரியம் இல்லை. நீ இருக்கும் பஹ்ரைனில் தன் மகள் வீட்டுக்கு வரும், என்னோடு வேலை செய்யும் கௌஸ் முகம்மது பாய் கையில் கொடுத்து அனுப்புகிறேன். கவரை ஒட்டி, மேலே டேப்பும் சுற்றியிருக்கிறேன்.

என் மகள் ரினியும் எலிசாவும் நவம்பர் மூன்றாம் தேதி அயர்லாந்து போகிறார்கள். இரண்டு பேருக்கும் ஒரே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. ஈசா டவுனில் ஆறு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறார்களே, தோழிகள் என்றுதான் நீயும் நினைத்திருப்பாய். இல்லை மருமகனே. கல்யாணம் கட்டினவர்கள் எப்படியோ அப்படி. ரினியே என்னிடம் சொன்னாள். போவதற்கு முன் உன் கையால் இருவருக்கும் சேர்த்து ஒரு மந்திரிப்பு வேண்டுமாம். உன்னிடம் கேட்க அவளுக்கு நாக்கு எழவில்லை. நான் கேட்கிறேன்.

ஊரில் யாருக்கும் தெரியாது. ரினிக்கு டப்ளினில் மாப்பிள்ளை பார்த்தாச்சு என்று சொல்லி வைத்திருக்கிறேன். பல் கொஞ்சம் எடுப்பு என்றும் சேர்த்தேன். ஒரு குறை இருந்தால்தான் நம்புவார்கள்.

உன் மாமா,
ஞானசிங்


மனாமா,
13 அக்டோபர் 2025

அன்புள்ள மாமா,

கடிதத்தைக் கோவிலில் உட்கார்ந்து படித்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் ரோமிலிருந்து வந்த அறிக்கையை மறுபடி எடுத்துப் படித்தேன். இப்படிப்பட்ட இருவர் வந்து கேட்டால், கல்யாணச் சடங்கின் சாயல் இல்லாமல், ஒரு குருவானவர் ஆசி கொடுக்கலாம் என்கிறது. சில நாட்டு ஆயர்கள் எங்களால் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. நாம் பிறர் நாட்டில், ஒரு மதிலுக்குள், அனுமதி வாங்கிக் கும்பிடுகிறவர்கள் மாமா. ஒரு வீடியோ போதும். என் விசா போனால் போகட்டும், அந்தப் பிள்ளைகளை யார் காப்பாற்றுவது?

இதெல்லாம் பாதி உண்மை. செமினரியில் இத்தனை வருஷம் எதை ஆசீர்வதிக்கக் கூடாது என்றும் படித்தேன். ரினியின் முகத்தை நினைத்தால் அந்தப் பாடம் நிற்கவில்லை. பீடத்தில் ஏறினால் மொத்தமும் திரும்ப வந்துவிடுகிறது. கடவுளுக்குப் பயப்படுகிறேனா, கோவிலில் இருப்பவர்களுக்கா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கொஞ்சம் பொறுங்கள்.

விஜின்


புஜைரா,
20 அக்டோபர் 2025

மருமகனே,

பொறுக்க நாள் எங்கே இருக்கிறது? வழி நான் கண்டுபிடித்துவிட்டேன். கல்ஃபை விட்டே போகிறவர்களை மாதக் கடைசி வெள்ளி பூசை முடிந்ததும் பீடத்துக்கு முன் வரிசையாக நிறுத்தி மந்திரிப்பாய் அல்லவா? முப்பத்தொன்றாம் தேதி இவர்களும் நிற்பார்கள், பக்கத்தில் பக்கத்தில். உன் வலது கை ஒருத்தி தலையில், இடது கை இன்னொருத்தி தலையில். ஒரே ஜெபம். நேரத்தை மிச்சம் பிடிக்கிறாய் என்றுதான் பார்க்கிறவனுக்குத் தோன்றும். இந்த மூளைக்கு ரோமிலேயே வேலை கிடைக்கும்.

மீன்பிடி வள்ளத்தை மந்திரித்தாய். யமஹா எஞ்சினை மந்திரித்தாய். என் தம்பியின் பழைய காரை மந்திரித்தாய், அது ஒரே மாதத்தில் தென்னையில் போய் மோதியது. அப்போதும் உன் தண்ணீரை நாங்கள் குறை சொல்லவில்லை.

போன வருஷம் கப்பலிலிருந்து விழுந்தேன் என்றேனே, ஏணியிலிருந்துதான். நாலாம் படி. இடுப்பு போய்க் கிடந்தபோது இருவரும் லீவு போட்டு வந்தார்கள். எலிசாதான் என்னைத் துடைத்துவிட்டாள். சாப்பிடும்போது ரினி மத்தி மீனில் முள்ளை எடுத்துவிட்டு எலிசா தட்டில் வைத்தாள். உன் அத்தை இருந்தவரைக்கும் எனக்கு அப்படித்தான் வைப்பாள்.

"என்ன மக்கா இது?" என்றேன்.

"ஒமக்கு வெளங்குனதுதான் அப்பா."

"அப்பம் எனக்கும் ஒரு துண்டு முள்ளெடுத்து வையி" என்றேன்.

எனக்குத் தெரிந்த வேதம் அவ்வளவுதான்.

மாமா


மனாமா,
4 நவம்பர் 2025

அன்புள்ள மாமா,

பதினோரு பேர் நின்றார்கள். கடைசியில் எலிசாவும் ரினியும், ஒரே மாதிரிக் கரை போட்ட சேலைகளில். நீங்கள் சொன்னபடியே இரண்டு கையையும் தூக்கினேன்.

முன் பெஞ்சில் ஒருவர் போனை உயர்த்தினார். வரிசையில் நின்ற தன் மனைவியைப் படம் எடுக்கத்தான். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் இடது கை இறங்கிவிட்டது. எலிசா தலையில் கை வைத்து ஜெபித்தேன். ஓர் அடி நகர்ந்து ரினிக்கு ஜெபித்தேன். தனித்தனியாக, மற்ற ஒன்பது பேருக்கும் செய்ததைப் போல.

ரினி என்னைப் பார்க்கவில்லை. "ஒண்ணாத்தானே கேட்டோம், சாமி" என்றாள்.

குருப்பட்டம் வாங்கிய பிறகும் கேலிக்காக என்னை அத்தான் என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தவள்.

நேற்று காலை ஈசா டவுனுக்குப் போனேன். வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

மன்னியுங்கள் மாமா.

விஜின்


புஜைரா,
10 நவம்பர் 2025

வணக்கத்துக்குரிய விஜின் சாமியார் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. பிள்ளைகள் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே மழையாம். மந்திரிப்பைப் பற்றி ரினி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கௌஸ் முகம்மது பாய் கேட்டார், பயணம் போகிற பிள்ளைகளுக்குக் கோவிலில் துஆ நடந்ததா என்று. நடந்தது பாய் என்றேன். வாய் திறந்தால் சும்மா விடுவேனா. பொன் சரிகை அங்கி, இருநூறு மெழுகுதிரி, சாமியார் இரண்டு கையையும் ஒரே நேரத்தில் இரண்டு தலையிலும் வைத்தார், வைத்த கையை எடுக்கவே இல்லை, அதற்குள் பாடகர் குழு நாலு பாட்டுப் பாடி முடித்துவிட்டது என்றேன்.

"ரெண்டு புள்ளையளுக்கும் ஒண்ணாவா?" என்றார்.

"ஒண்ணாத்தான் பாய்."

"அல்ஹம்துலில்லாஹ். மனசு நெறஞ்சு போச்சு" என்றார்.

எத்தனையோ சொல்லியிருக்கிறேன். சொல்லி முடித்துவிட்டு முகம் கழுவப் போனது இதற்கு மட்டும்தான்.

டிசம்பரில் வீடு மந்திரிக்கத் தாங்கள் வர வேண்டாம். மந்திரிக்காமலே குடிபோகிறேன்.

பாய் அடுத்த மாதம் அங்கே வருவார். கேட்டால், நான் சொன்னதை இல்லை என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
அ. ஞானசிங்