ரேடியேட்டருக்கு இன்னொரு ஃபேன்

மே 5, திங்கள்

கத்திரி தொடங்கியாயிற்று. காலையிலேயே மாடியில் கால் வைக்க முடியவில்லை. கோட்டை மலைப் பாறைகள் பகலில் வாங்கின சூட்டை விடிய விடிய கக்குகின்றன. செஞ்சியில் மே மாதம் இருப்பவர்களுக்கு நரகம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நாளைக்கு நைனாவுக்கு டயாலிசிஸ். செவ்வாய், சனி, வாரம் இரண்டு முறை பாண்டிக்கு. வண்டி, தம்பி துபாய் போகும்போது விட்டுப் போன பழைய டீசல் கார். டிரைவர் நான். ஏ.சி. போட்டால் இன்ஜின் சூடாகிறது. போடாவிட்டால் நைனா சூடாகிறார்.

அவருக்கு ஒரு நாளைக்கு மொத்தம் அரை லிட்டர்தான் தண்ணீர். டீ, ரசம், மாத்திரைக்கு விழுங்குவது எல்லாம் சேர்த்து. வேர்த்தால் தாகம். தாகம் எடுத்தால் சண்டை. சண்டை என்னோடுதான், அளந்து ஊற்றுகிறவள் நான் என்பதால்.

பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வைத்து ஊருக்கே ஊற்றிக் கொடுத்த மனுஷன். இப்போது அரை டம்ளருக்குக் கெஞ்சுகிறார்.

கார் வயரிங் பார்க்கிற ஜாபர் பாய்க்குப் போன். "எடுத்துனு வாம்மா, பாக்கலாம்" என்றார்.

மே 6, செவ்வாய்

டயாலிசிஸ் நாள். திண்டிவனம் தாண்டியதும் சூடு காட்டும் முள் சிவப்புப் பக்கம். ஏ.சி.யை நிறுத்தினேன். நைனா துண்டை நனைத்து முகத்தில் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அதன் ஓரத்தைச் சப்புவது கண்ணாடியில் தெரிந்தது. பார்க்காதது மாதிரி ஓட்டினேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு அம்மா, "பொண்ணா வண்டி ஓட்டினு வருது?" என்று கேட்டாள். நைனாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "ஆமா. மாப்ள வூட்ல இருந்து அழுதுனே திரும்பி வந்த பொண்ணு. இப்ப என்னை ஏத்தினு போறதுக்காக ஸ்டீரிங் புடிச்சினுகீது." ஊர் பேர் தெரியாதவர்களிடம் என் கதை எதற்கு? கோபம் வந்தது. சிரிப்பும் வந்துவிட்டது.

திரும்பும்போது பாய் கடையில் நிறுத்திக் காட்டினேன். "உள்ள இருக்கற ஒத்த ஃபேன் பத்தல. முன்னாடி இன்னொண்ணு போட்டுடலாம்."

மே 8, வியாழன்

வாங்க வேண்டியது: ரிலே, ஃப்யூஸ், தடி வயர் (சிவப்பு, கறுப்பு), சுவிட்ச், இன்சுலேஷன் டேப். நைனா மாத்திரை. அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து. தேங்காய் ஒன்று.

ஃபேன், பாயே பழைய வண்டியிலிருந்து கழற்றி வைத்திருந்தது. முன் கிரில்லைக் கழற்றி, ரேடியேட்டருக்கு முன்னால் அதை உட்கார வைத்தார்.

"உள்ள இருக்கறது காத்த இழுக்குது. இது முன்ன நின்னு தள்ளணும். அவ்ளோதான் விஷயம்."

"நேரா சுவிட்ச்சுக்கே வயர் குடுத்துட்டா என்ன பாய்? ரிலே இன்னாத்துக்கு?"

"இவன் திங்கற கரண்ட்டுக்கு சுவிட்ச் உருகிடும்மா."

சுவிட்ச் ரிலேயைத் தட்டி எழுப்பும், ரிலே பேட்டரியிலிருந்து வருவதை ஃபேனுக்குத் திறந்துவிடும். புரிந்தது. சுவிட்ச் ஸ்டீரிங்குக்குக் கீழே, என் இடது கை எட்டுகிற இடத்தில்.

கிரில்லைத் திரும்ப மாட்டி, ஓடவிட்டுப் பார்க்க, செய்தித்தாள் ஒன்றை கிரில் மேல் பிடிக்கச் சொன்னார். ஒட்டிக்கொள்ள வேண்டுமாம். அது பறந்து வந்து என் மூஞ்சியில் அறைந்தது. பாய் தலையில் அடித்துக்கொண்டார். "ஐயே, வயர தலகீழா குடுத்துட்டேன். ரெண்டு ஃபேனும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துனு நிக்குது." மாற்றிக் கொடுத்ததும் தாள் கிரில்லோடு ஒட்டிக்கொண்டது.

வீட்டில் சொன்னேன். "நானும் உங்கம்மாளும் மாரி" என்றார் நைனா.

"நான் எப்ப இழுத்தேன்? நீ இழுத்த பக்கமெல்லாம் வந்துனுதான கெடந்தேன்" என்றாள் அம்மா, முருங்கைக்கீரை உருவிக்கொண்டே.

மே 9, வெள்ளி

சிங்கவரம் வரை ஒரு சுற்று, நைனாவை ஏற்றிக்கொண்டு. ஏ.சி. முழுசாக, புது ஃபேனும். முள் பாதிக்கு மேலே ஏறவே இல்லை! நைனா கண்ணை மூடிக்கொண்டு, "மா, ஊட்டி வந்துடுச்சா?" என்றார். ரொம்ப நாள் கழித்து வயிறாரச் சிரித்தோம். திரும்பி வந்து தண்ணீரே கேட்கவில்லை.

சாயங்காலம் அம்மா எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் தடித்த நூலில் கோத்து வண்டி முகத்தில் கட்டினாள். "புதுசா சாமான் போட்டுகீது. கண்ணு படும்." கிரில் கம்பியில் இறுக்கி முடிச்சு. எல்லா வண்டியிலும் தொங்குவதுதானே. நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

தம்பி போன் செய்தான். கூடுதல் ஃபேன் போட்டதற்குத் துபாயிலிருந்து யோசனை சொல்கிறான். சரி சரி என்று வைத்துவிட்டேன்.

மே 10, சனி

கையெல்லாம் கரி. சோப்புப் போட்டும் போகவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலையில் ஏ.சி., ஃபேன் இரண்டையும் போட்டுக்கொண்டு கிளம்பினோம். திண்டிவனம் ரோட்டில் 'கர்ர்' என்று ஒரு சத்தம், உடனே நின்றுவிட்டது. கல் ஏதோ தெறித்தது என்று நினைத்தேன். புது ஃபேன் இருக்கிற தைரியத்தில் முள்ளைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. இளநீர் வேண்டும் என்று நைனா பிடித்த பிடி வேறு. இளநீர் அவருக்கு ஆகவே ஆகாது. அந்தச் சண்டை முடிவதற்குள் முன்னால் குபுகுபுவென்று ஆவி.

புளியமரத்து ஓரம் நிறுத்தினேன். கிரில்லுக்குள் குனிந்து பார்த்தால் பச்சை மிளகாய். அம்மா கட்டின நூலை ஃபேன் உள்ளே இழுத்து, சுற்றிக்கொண்டு, சுற்ற முடியாமல் நின்றிருக்கிறது. எலுமிச்சம்பழம் கூழ். ஃப்யூஸ் போய்விட்டது.

இன்ஜின் ஆறுகிறவரை காத்திருந்து, மூடியைத் திறந்து, டிக்கியில் இருந்த கேன் தண்ணீரை ஊற்றினேன். மடக் மடக்கென்று உள்ளே போய்க்கொண்டே இருந்தது. நைனா மரத்தடியில் ஒரு கல்மேல் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்கு மட்டும் அளவு கெடையாதா?"

கேலியாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஒரே ஒரு வாய் குடு மா."

"காலைக்கு உண்டானது முடிஞ்சிடுச்சு நைனா. ஆஸ்பத்திரி போய் ஐஸ் துண்டு வாங்கித் தரேன்."

"சரி" என்றார். திட்டியிருக்கலாம். அந்த 'சரி'தான் இன்னும் காதில் நிற்கிறது.

ஏ.சி. இல்லாமல், நிறுத்தி நிறுத்தி, பாண்டி போய்ச் சேர மதியம். அவருடைய மிஷினில் வேறு யாரோ. அவசரக் கேஸாம். "திங்கக்கிழமை வாங்கம்மா" என்றாள் நர்ஸ். கெஞ்சினேன். கத்தினேன். மிஷின் இருந்தால்தானே தருவாள்.

அப்படியே திரும்பி வந்தோம்.

மே 11, ஞாயிறு

நைனாவுக்குக் கால் இரண்டும் வீக்கம். படுத்தால் மூச்சு முட்டுகிறது. தலையணை மூன்று அடுக்கி உட்கார வைத்திருக்கிறோம்.

பாய் வீட்டுக்கே வந்தார். கிரில்லைக் கழற்றி நூலை அறுத்து எடுத்துக்கொண்டிருந்தபோது அம்மா டீயோடு வந்துவிட்டாள். பாய் கையை மூடிக்கொண்டார். "ரோட்ல கெடந்த நூலும்மா. சுத்திக்கிச்சு." நல்ல மனுஷன், பொய்தான் வரவில்லை.

"ரோட்ல மொளகாயா பாய் காய்க்குது?" என்றாள் அம்மா. டம்ளரை பானட் மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நேற்று முழுக்க அவளைத் திட்ட வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். அந்த முகத்தைப் பார்த்தபின் டம்ளரை எடுத்துப் பாய் கையில் கொடுத்தேன்.

மத்தியானம் அம்மா சாப்பிடவில்லை. நைனாதான், மூச்சு வாங்கிக்கொண்டே, "ஏ வசந்தா. கண்ணு படக்கூடாதுன்னுதான கட்டுன? நல்லதுக்குப் பண்ணது. வா, வந்து சோறு துன்னு" என்றார். அவள் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். நான் கிணற்றடிக்குப் போய் அழுதேன்.

மே 14, புதன்

எழுதவில்லை. ஞாயிறு சாயங்காலமே மோசமாகி, 108இல் பாண்டி, பின்னாலேயே காரில் நான். ஐ.சி.யூ. மிஷின் போட்டு நீரை எடுத்தார்கள். இன்றைக்குத்தான் வார்டுக்கு வந்தார். பாதி ஆளாகிவிட்டார்.

டாக்டர் சின்ன வயசுக்காரர், பொறுமையாகச் சொன்னார். இதயமும் தளர்ந்துவிட்டதாம். இனிமேல் வாரம் மூன்று முறை வரவேண்டுமாம்.

"போதும் சார்" என்றார் நைனா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இன்னா நைனா பேசற? பாய் எல்லாம் சரி பண்ணிட்டாரு. இனிமே வண்டி நிக்காது. நான் முள்ளையே பாத்துனு ஓட்டறேன்."

"வண்டியால இல்ல மா. எனக்கே போதும்னு இருக்குது. மிஷின்ல இருந்து எழுந்து வூட்டுக்கு வந்து படுத்தா, அடுத்த மிஷின் நாளு வந்துடுது. நான் எப்ப மா வூட்ல இருக்கறது?"

சண்டை போட்டேன். அழுதேன். தம்பியைப் போனில் பேச வைத்தேன், அவனும் அழுதான். அம்மாவைப் பார்த்தேன், நீயாவது சொல்லேன் என்று. "அவரு கேக்கறத செய்யி" என்றாள்.

வெளியே டாக்டரிடம் கேட்டேன். மிஷின் இல்லாமல் மிஞ்சினால் ஒரு வாரம், பத்து நாளாம்.

"தண்ணி?"

"கேட்டா குடுங்க. இனிமே அவரோட சண்டை வேணாம்."

மே 16, வெள்ளி

வீட்டுக்கு அழைத்து வந்தோம். பின் சீட்டில் அம்மா மடியில் தலை. ஏ.சி., இரண்டு ஃபேன், எல்லாம் ஓடுகிறது. இத்தனை வருஷத்தில் இந்த வண்டி இவ்வளவு ஒழுங்காக ஓடியதே இல்லை. முள் பாதியிலேயே நின்றது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம்.

"ஜில்லுனு வருது மா" என்றார். கோட்டை தெரிந்ததும் கண்ணாடியை இறக்கச் சொன்னார். அனல் காற்று. "பரவால்ல, வுடு."

தம்பிக்கு லீவு கிடைத்துவிட்டது. திங்கள் வருகிறான்.

மே 17, சனி

பாண்டி போகிற நாள். பழக்கத்தில் எழுந்து வண்டிக்குத் தண்ணீர் பார்த்தேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது. பானட்டை மூடினேன்.

நைனா கூப்பிட்டார். "தண்ணி." டம்ளரை எடுத்தேன். "அது வாணாம். சொம்புல கொண்டா."

பானைத் தண்ணீர் மொண்டு வந்தேன். சொம்பைத் தூக்கக் கையில் வலுவில்லை, நான் பிடித்துக்கொண்டேன். அண்ணாந்து குடித்தார். கழுத்தெல்லாம் வழிந்தது, பனியன் நனைந்தது. நிறுத்தி, மூச்சு வாங்கி, என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லிவிடுவேனோ என்கிற பார்வை.

"குடி நைனா."

மறுபடி குடித்தார்.

அடுப்படியிலிருந்து அம்மா, "எவ்ளோ குடுத்த?" என்று கேட்டாள்.

"அளக்கல மா" என்றேன்.