அடிக்கோடு போட்ட வரி

வியாழன், இரவு.

இன்று சர்வதேச உறவுகள் வகுப்பில் தாராளவாதக் கோட்பாடு நடத்தினேன். வியாபாரத்தால் பிணைந்த நாடுகள் சண்டைக்குப் போகாது என்று வருஷாவருஷம் எழுதுவதை போர்டில் எழுதி, அடிக்கோடும் போட்டேன்.

நரிக்குடியிலிருந்து வரும் மும்தாஜ் எழுந்தாள். "சார், எங்க அத்தா வளைகுடா துறைமுகத்துல வேலை பாக்குறாக. இப்ப சண்டை போடுற ரெண்டு நாட்டுக் கப்பலுக்கும் அவுகதான் லோடு ஏத்துவாக. நேத்து அங்க குண்டு விழுந்துச்சு. போனை எடுக்கல."

நான் அடுத்த தலைப்புக்குப் போய்விட்டேன்.

மணி அடித்ததும் மேஜைக்கு வந்தாள். "பரிச்சைக்கு நீங்க சொன்னதையே எழுதவா சார்?"

"எழுதுமா. அஞ்சு மார்க்."

நின்றபடியே நோட்டில் ஸ்கேல் வைத்து அந்த வரிக்கு அடிக்கோடு போட்டாள்.

அவள் நம்பர் என்னிடம் இருக்கிறது. அப்பா பேசினாரா என்று கேட்கலாம். போனை மூன்று முறை எடுத்து வைத்துவிட்டேன்.