அப்பாவின் 'வேண்டாம்' தட்டி

அன்புள்ள அப்பா,

முழங்கால் வலி தேவலையா? நான் நலம். ஐரோப்பியக் கூட்டுப்படைப் பயிற்சிக்கு ஜெர்மனி கிளம்பிய அன்று, நான் போவது பிடிக்காமல் நீங்கள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நேற்று உங்கள் தேயிலைப் பொட்டலம் வந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. அது நசுங்காமலிருக்க, கன்றுக்கொட்டகையில் குளிருக்கு மறைப்பாக அடித்திருந்த 'அயர்லாந்துக்கு ஐரோப்பியப் படை வேண்டாம்' என்ற உங்கள் பழைய வாக்கெடுப்புப் பிரசாரத் தட்டியை வெட்டி உள்ளே வைத்திருக்கிறீர்கள். உங்கள் குசும்பு எனக்குத் தெரியாதா?

எங்கள் அறையின் உடைந்த ஜன்னலை அதை வைத்தே அடைத்தேன். ஜெர்மன் சார்ஜன்ட் உல்ரிக் படித்துவிட்டு, "யாரு எழுதினது?" என்றார்.

"எங்கப்பாவோட தட்டி சார்."

"எங்கம்மாவும் படை வேண்டாம்னுதான் கத்துறாங்க. கழட்டாத, இருக்கட்டும்."

எங்களை எங்கும் சண்டைக்கு அனுப்பப் போவதில்லையாம், அம்மாவிடம் சொல்லுங்கள்.

விசில் அடித்துவிட்டார்கள், ஓடணும். கன்றுகளுக்குக் குளிராதென்றால் மீதித் தட்டியையும் அனுப்புங்கள். இன்னொரு ஜன்னலும் உடைந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்களேன்.

உங்கள் டெர்வ்லா